மருமக்கள்வழியும் மைட்டோகாண்ட்ரியாவும்: மரபியல் இதழுக்கு ஒரு கட்டுரையைத் தயார் செய்வது எப்படி

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்காத ஒருத்தர் மரபியல் இதழுக்கு ஆய்வுக்கட்டுரை அனுப்ப முடியுமா? இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. முடியும். அனுப்புபவருக்கு முனைவர் பட்டம் இருக்கவேண்டும் என்று பெரும்பாலான இதழ்கள் விதி வைப்பதில்லை. நான் படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். மக்கள்தொகை மரபியலை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படித்தவன். அப்படிப்பட்டவன் ஒரு கட்டுரையை எப்படித் தயார் செய்கிறான் என்பதை, நான் வேலை செய்துகொண்டிருக்கும் விஷயத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

அந்த விஷயம் நம்ம ஊர் விஷயம்தான். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி.

கேள்வி ஒரு வரியில் இருக்கவேண்டும்

திருவிதாங்கூர் அரசு 1926-ல் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் கொண்டுவரும்வரை இங்கே சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகவில்லை. மாமனிடமிருந்து அக்காள், தங்கச்சி பிள்ளைக்குப் போனது. பெற்ற பிள்ளைக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு கிடைக்கும், அவ்வளவுதான். அந்த முறை பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதைக் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய'த்தில் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயால் சொல்ல வைத்தார்.

மரபியல் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்பது 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன வளையம். அது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும். இப்போது காரணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் தங்கச்சி மகனுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றே, ஏனென்றால் அவரும் தங்கச்சியும் ஒரே அம்மாவின் பிள்ளைகள். அவருக்கும் அவர் பெற்ற மகனுக்கும் ஒய் ஒன்றே. ஆக, சொத்து போன வழியும் மைட்டோகாண்ட்ரியா போகும் வழியும் ஒன்று. உகந்துடைமையோடு நின்றவனிடம் இருந்தது ஒய்.

இதைக் கண்டதும் 'மருமக்கள்வழி நம் மரபணுவில் பதிந்திருக்கிறதா?' என்று கேட்கத் தோன்றும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆய்வுக்கேள்வியாக இது தேறாது. 'பதிந்திருக்கிறது' என்றால் எதை அளக்கப் போகிறோம்?

2001-ல் ஊட்டாவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வட தாய்லாந்தின் மலைவாழ் குழுக்களில், கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் குழுக்களையும், பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் குழுக்களையும் ஒப்பிட்டார்கள். பெண்கள் ஊரிலேயே இருக்கும் இடத்தில் மைட்டோகாண்ட்ரியா வகைகள் குறைவு, ஒய் வகைகள் அதிகம். பெண்கள் ஊர் மாறும் இடத்தில் நேர் எதிர். காரணம் எளிது: யார் வெளியிலிருந்து வருகிறார்களோ அவர்கள்தான் புது வகைகளைக் கொண்டுவருகிறார்கள்.

கவனியுங்கள், அவர்கள் அளந்தது யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதை. சொத்து யாருக்குப் போனது என்பதை அல்ல. நாஞ்சில் நாட்டில் சொத்து பெண்வழியில் போனது, ஆனால் பெண் புருஷன் வீட்டுக்குப் போனாள். இரண்டும் இரண்டு திசை. பத்திரத்தில் எழுதுவது டி.என்.ஏ.வில் ஏறாது. சொத்து விதி மரபணுவைத் தொடவேண்டுமானால் ஒன்று குடியிருப்பை மாற்றவேண்டும், அல்லது யார் யாரைக் கட்டுகிறார்கள் என்பதை மாற்றவேண்டும், அல்லது யாருக்கு எத்தனை பிள்ளை தங்குகிறது என்பதை மாற்றவேண்டும்.

நடுவில் உள்ளது சுவாரசியமானது. மாமன் சொத்து மருமகனுக்கு. அந்த மருமகன் மாமன் மகளையே கட்டினால், தகப்பன் சொத்தை மகளும் அனுபவிக்கலாம். ஆக, மருமக்கள்வழி முறைப்பெண் கல்யாணத்துக்கு ஒரு கூடுதல் காரணத்தைக் கொடுக்கிறது. அத்தை, மாமன் மக்கள் கட்டினால் பிள்ளையின் உள்ளுறவுக் கெழு 1/16. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டினால் 1/8. இது அளக்கக்கூடிய விஷயம்.

இப்படிச் சுருக்கிச் சுருக்கி என் கேள்வி இந்த வடிவத்துக்கு வந்தது: 'பெண் ஊர் மாறுகிற, ஆனால் சொத்து பெண்வழியில் போகிற ஒரு சமூகத்தில், எந்த நிபந்தனைகளில் மைட்டோகாண்ட்ரியா, ஒய் வகைமையில் வித்தியாசம் தெரியும்?' இதற்கு ஆம், இல்லை, இவ்வளவு என்று பதில் சொல்ல முடியும். உங்கள் கேள்வியும் இந்த நிலைக்கு வரும்வரை கணினியைத் திறக்காதீர்கள்.

தரவு: யாருடையது, யார் சம்மதத்தில்

அடுத்து தரவு. மனிதத் தரவு என்றால் இரண்டு வழி: நாமே சேகரிப்பது, ஏற்கெனவே பொதுவில் உள்ளதை எடுப்பது.

நாமே சேகரிப்பது என்றால், நாலு சொந்தக்காரர்களிடம் எச்சில் வாங்கி ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு அந்தக் கோப்பைக் கட்டுரையில் போட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி மனிதர்களை வைத்துச் செய்யும் உயிர்மருத்துவ ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பங்கேற்பவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு வாங்கும் அனுமதி செல்லாது. இதழின் எடிட்டர் முதலில் தேடும் வரிகளில் ஒன்று அனுமதி எண் உள்ள வரி. தனியாள் இதைச் செய்ய ஒரே வழி, குழு உள்ள ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ ஒருவரைக் கூட்டாய்வாளராகச் சேர்த்துக்கொள்வது.

இது வெறும் காகிதச் சடங்கு அல்ல. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கும் காணிகளின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்துதான் 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அதை உருவாக்கிய திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கியது. உலகம் முழுக்க இதை ஒரு முன்னோடி ஏற்பாடாகச் சொல்கிறார்கள். பங்கு யாரைச் சேர்ந்தது, யாரைக் கேட்டார்கள் என்ற விவாதமும் கூடவே நடந்தது. ஒரு செடிக்கே இவ்வளவு என்றால், ரத்தத்துக்கு?

இரண்டாவது வழி பொதுத்தரவு. '1000 ஜீனோம்ஸ்' திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 26 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் தமிழர் உண்டா? உண்டு, 102 பேர். ஆனால் அவர்கள் இங்கிலாந்தில் மாதிரி எடுக்கப்பட்ட இலங்கைத் தமிழர்கள். அவர்களை வைத்து நாஞ்சில் நாட்டைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது தப்பு. கட்டுரையில் 'தமிழர்' என்று பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது. 'இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்' என்று ஒவ்வொரு இடத்திலும் முழுசாக எழுதவேண்டும். படிக்கக் கொஞ்சம் சலிப்பாக இருக்கும். பரவாயில்லை.

எனக்கு வேண்டிய தரவு பொதுவில் இல்லாததால் நான் சிமுலேஷன் பக்கம் போனேன். 'ஸ்லிம்', 'எம்எஸ்பிரைம்' என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் இந்தத் துறையில் எல்லாரும் பயன்படுத்துபவை. ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, அதில் சொத்து, குடியிருப்பு, கல்யாணம் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் வைக்கலாம். சொத்து சுவிட்சை மட்டும் மாற்றினால் மரபணுவில் எதுவும் மாறாது. கோட் எழுதும்போதே அது புரிந்துவிடும். மற்ற சுவிட்சுகளோடு அதைக் கோர்க்கும்போதுதான் ஆய்வு ஆரம்பமாகிறது. நம்மைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு இது நல்ல வாசல். யாருடைய சம்மதமும் தேவைப்படாது. கண்டுபிடிப்பு சின்னதாக இருக்கும், ஆனால் சுத்தமாக இருக்கும்.

எழுதும் வரிசை

கட்டுரை படிக்கப்படும் வரிசை வேறு, எழுதப்பட வேண்டிய வரிசை வேறு. என் வரிசை இது.

முதலில் படங்களும் அட்டவணைகளும். நாலைந்து படங்களில் கதை நிற்கவில்லை என்றால் பத்து பக்கத்திலும் நிற்காது.

பிறகு செய்முறை. இன்னொருவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதே வேலையைச் செய்து அதே விடையை எடுக்கும் அளவுக்கு எழுதவேண்டும். மென்பொருளின் பதிப்பு எண், ஒவ்வொரு அளவுருவின் மதிப்பு, எத்தனை தடவை ஓட்டினீர்கள், ரேண்டம் சீட் என்ன, எல்லாம். கோடை ஜிட்ஹப்பில் வைத்தால் மட்டும் போதாது. அது நாளைக்கு மாறலாம், அழியலாம். 'ஜெனோடோ'வில் ஒரு பிரதியைப் போட்டால் நிலையான டி.ஓ.ஐ. எண் கிடைக்கும். செலவு கிடையாது.

பிறகு முடிவுகள். இங்கே அளந்ததை மட்டும் எழுதுவது. 'இதனால்', 'ஆகவே' எல்லாம் அடுத்த பகுதிக்கு.

அதற்குப் பிறகு விவாதம், முன்னுரை, சுருக்கம், கடைசியில் தலைப்பு. முன்னுரையை முதலில் எழுதினால் நாம் செய்ய ஆசைப்பட்டதை எழுதுவோம். கடைசியில் எழுதினால் செய்ததை எழுதுவோம்.

மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் முழுசாகப் படித்திருக்கவேண்டும். இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய மேற்கோள் பட்டியல் வேண்டவே வேண்டாம். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும். மொழியைத் திருத்த அந்தக் கருவிகளைப் பயன்படுத்தினால் இதழின் விதிப்படி அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

வினைச்சொல்லில் இருக்கிறது விவகாரம்

ஒரு பழைய சொந்தக்காரரிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னபோது கேட்டார்: "மக்ளே, அப்போ நம்ம ஆளுவ எங்கேருந்து வந்தோம்னு இதுல தெரிஞ்சிருமா?" தெரியாது என்றேன். "பொறவு என்னத்துக்குப் போட்டு மண்டைய ஒடைக்க?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம்ம மாவட்டத்தில் ஒவ்வொரு சாதிச் சங்கத்துக்கும் ஒரு பூர்வீகக் கதை உண்டு. இப்போது அந்தக் கதைகளுக்கு டி.என்.ஏ. முத்திரை கேட்கிறார்கள். ஒரு கட்டுரையின் ஒற்றை வரியை வெட்டி வாட்சப்பில் போட்டு 'விஞ்ஞானம் நிரூபித்தது' என்று எழுத அரை நிமிஷம் போதும். அதனால் கட்டுரை எழுதுபவர் தன் ஒவ்வொரு வினைச்சொல்லையும் பார்த்துப் பார்த்து வைக்கவேண்டியிருக்கிறது.

ஒரு நிஜ உதாரணம். 2012-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் அருண்குமார், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் உள்ளிட்டோரின் கட்டுரை வந்தது. தமிழ்நாட்டில் 12 பழங்குடிக் குழுக்கள், 19 மற்றக் குழுக்கள். மொத்தம் 1,680 ஒய் குரோமோசோம்கள். குழுக்களுக்கு இடையிலான பிரிவு 4,000 முதல் 6,000 ஆண்டு பழமையானது, கடந்த 3,000 ஆண்டில் கலப்பு குறைவு என்பது அவர்கள் கணிப்பு. அடுத்த வருஷமே, 2013-ல், பிரியா மூர்ஜானி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்டோர் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஹியூமன் ஜெனெடிக்ஸ்' இதழில் 73 குழுக்களின் முழு மரபணுத் தொகுதித் தரவை வைத்து, இந்தியாவின் இரண்டு பெரிய மூதாதை மக்கள்தொகைகள் கலந்தது இன்றைக்கு 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் என்றும், அகமணம் இறுகியது அதற்குப் பிறகு என்றும் எழுதினார்கள்.

இரண்டில் எது சரி என்று மேடையில் சண்டை போடலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரியும்: ஒன்று தகப்பன்வழிக் கோட்டை மட்டும் அளந்தது, இன்னொன்று எல்லாக் குரோமோசோம்களிலும் உள்ள கலப்புத் துண்டுகளின் நீளத்தை வைத்துக் காலம் கணித்தது. அளவுகோல் வேறு, கேள்வியும் கொஞ்சம் வேறு. அவர்கள் தங்கள் செய்முறையை விரிவாக எழுதி வைத்ததால்தான் நம்மால் இதைச் சொல்ல முடிகிறது.

என் கட்டுரையில் 'நிரூபிக்கிறது' என்ற சொல் கிடையாது. சிமுலேஷன் எதையும் நிரூபிக்காது. 'இந்த நிபந்தனைகளில் இப்படி வரும்' என்று மட்டுமே சொல்லும். அனுப்புவதற்கு முன்னால் கட்டுரை முழுக்க ஒரு தேடல் ஓட்டி, ஒவ்வொரு 'காட்டுகிறது'வையும் நிறுத்தி, எந்தப் படம் காட்டுகிறது என்று கேட்பேன். பதில் இல்லாவிட்டால் அந்த வரி போய்விடும்.

எங்கே அனுப்புவது

நம் நாட்டிலேயே ஒரு நல்ல இதழ் இருக்கிறது. 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' 1910-ல் இங்கிலாந்தில் பேட்சனும் பன்னெட்டும் தொடங்கியது. அதன் ஆசிரியராக இருந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தபோது இதழையும் கூடவே கொண்டுவந்தார். 1985 முதல் பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி அதை நடத்துகிறது. நமக்குத் தெம்பு தரும் இன்னொரு தகவல்: மக்கள்தொகை மரபியலுக்குக் கணித அடித்தளம் போட்ட மூவரில் ஒருவரான ஹால்டேன் உயிரியலில் பட்டம் வாங்கியவர் இல்லை. ஆக்ஸ்போர்டில் அவர் படித்தது கணிதமும் செவ்வியல் மொழிகளும்.

எந்த இதழாக இருந்தாலும் கடைசி இரண்டு வருஷத்துக் கட்டுரைகளில் பத்தையாவது புரட்டுங்கள். உங்கள் கேள்வியைப் போன்ற ஒன்றுகூட இல்லையென்றால் அது உங்கள் இடம் இல்லை. திறந்த அணுக்கம் உள்ள பல இதழ்கள் கட்டணம் கேட்கும். நல்ல இதழ்களும் கேட்கும், எனவே கட்டணம் மட்டுமே மோசடிக்கு அடையாளம் இல்லை. 'மூன்று நாளில் பிரசுரம்' என்று தானாக மெயில் வந்தால் அதுதான் அடையாளம். நேரே குப்பைக்கு.

அனுப்பும்போது தேவைப்படுபவை:

ஒரு ஆர்கிட் எண். இலவசம். நிறுவனம் என்ற இடத்தில் 'தனி ஆய்வாளர், நாகர்கோவில்' என்று போட்டால் போதும். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி பெயரைப் போடாதீர்கள். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு கவர் லெட்டர். ஒரு பக்கம் தாண்டக்கூடாது. கேள்வி என்ன, விடை என்ன, இந்த இதழின் வாசகருக்கு ஏன் அது வேண்டும், வேறு இதழுக்கு இதே நேரத்தில் அனுப்பவில்லை. சுயபுராணம் வேண்டாம்.

நெறிமுறை, தரவு எங்கே கிடைக்கும், நிதி யார் கொடுத்தது, நலமுரண் உண்டா என்ற நான்கு அறிக்கைகள். 'நிதி: இல்லை' என்று எழுத வெட்கப்பட வேண்டாம். நலமுரண் பகுதியில் நான் ஒன்று சேர்க்கிறேன்: ஆய்வு பேசும் சமூகத்தோடு எனக்கு உள்ள உறவு. எந்த இதழும் அதைக் கேட்பதில்லை. வாசகருக்குத் தெரிவது நல்லது என்று நினைக்கிறேன்.

பிரீபிரிண்ட் போடலாமா என்று இதழின் விதியில் பாருங்கள். 2013-ல் தொடங்கிய 'பயோஆர்கைவ்' இதற்கான இடம். மதிப்பீட்டுக்கு முன்பே நாலு பேர் படித்துக் குறை சொல்லுவார்கள். தனியாக வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி.

அனுப்பிய பிறகு

முதலில் எடிட்டர் பார்ப்பார். அங்கேயே திரும்பி வருவது சகஜம். பெரும்பாலும் அதற்குப் பொருள் 'இந்த இதழுக்குப் பொருந்தாது' என்பதுதான். தாண்டினால் இரண்டு மூன்று ரெவ்யூவர்களிடம் போகும். மாதக்கணக்கில் ஆகும். நடுவில் வாராவாரம் மெயில் போட்டு நச்சரிக்கக்கூடாது.

திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. ரெவ்யூவரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே எடுத்துப்போட்டு, கீழே உங்கள் பதில், கட்டுரையில் எந்த வரியில் மாற்றினீர்கள் என்பது. மென்பொருளில் பக் ரிப்போர்ட்டுக்குப் பதில் எழுதிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. ரெவ்யூவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும், அப்படிப் புரியும்படி எழுதியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியைத் திருத்தவேண்டும். ஒத்துக்கொள்ள முடியாததை மரியாதையாக, எண்ணோடு மறுக்கலாம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் ஒரு காதுமுடிக் கதையைச் சொல்வேன். ஆந்திரத்திலிருந்து வந்து ஹால்டேனிடம் மாணவராகச் சேர்ந்தவர் கிருஷ்ணா துரோணம்ராஜு. 1960-ல் 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' இதழில், ஆண்களுக்குக் காது மடலில் அடர்ந்து முளைக்கும் முடி ஒய் குரோமோசோம் வழியாக வருகிறது என்று வம்சாவளிப் படங்களோடு எழுதினார். பாடப்புத்தகங்களிலும் அது ஏறியது. நம்மில் பலர் அதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினோம். 2004-ல் இன்னொரு குழு, காதில் முடியுள்ள தென்னிந்திய ஆண்களையும் இல்லாதவர்களையும் எடுத்து ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டுப் பார்த்தது. தொடர்பு இல்லை.

துரோணம்ராஜுவுக்கு இது அவமானம் என்று நான் நினைக்கவில்லை. அவர் தன் கூற்றைச் சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதிவைத்தார். 44 வருஷம் கழித்து, அவர் கையில் இல்லாத கருவியோடு வந்தவர்கள் அதை எடுத்துச் சோதித்தார்கள். சாதிச் சங்க மலரில் வரும் பூர்வீகக் கதையை யாரும் அப்படிச் சோதிக்க முடியாது. அதில் செய்முறை என்ற பகுதியே இருக்காது.

என் சொந்தக்காரருக்கு நான் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுதான். எங்கேருந்து வந்தோம் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதை எவ்வளவு வரைக்கும் சொல்லலாம் என்று எழுதி வைக்க ஆள் குறைவு. வேலைக்குப் போய்க்கொண்டே, சொந்தக் கணினியில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் செய்ய முடியும். யாராவது தொடங்குவதாக இருந்தால் முதலில் உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்கிறேன்.